மொட்டை ஏறுகிறது

என் கை மெதுவான கை என்று எனக்கு ஒரு மெமோ வந்தது. அதை டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, என் மேஜைக்கே கொண்டுவந்து நீட்டியவள் என் நாத்தனார். ஆய்வகத்தில் அவள் நிர்வாக அலுவலர். அங்கே நான் அவளை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். சாயந்திரம் ஆறரை மணிக்கு அவள் எங்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் நான் அவளுக்கு ‘அண்ணி’ ஆகிவிடுவேன்.

“கையெழுத்து போட்டு வாங்கிக்குங்க,” என்றாள், முன்பின் பார்த்திராதவள் மாதிரி.

“என்ன மேடம் இது?”

“படிச்சா தெரியும்.”

படித்தேன். இலையை வெட்டுவதற்கும் அதை ஆல்கஹாலில் போடுவதற்கும் இடையே நான் தாமதம் செய்கிறேனாம். அதனால் ஆறு மாத ஆராய்ச்சி பாழாம். மாதக் கடைசியில் தலைமையகத்துக் குழு வருகிறது. அதற்குள் தக்க விளக்கம் தராவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது என்று இயக்குநர் உத்தரவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன். அத்தனை வருஷத்தில் என் வாயைக் குறை சொன்னவர்கள் உண்டு. கையைக் குறை சொன்னவர் ஒருத்தர் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வேலை இதுதான். ஒரு கையில் கத்தரிக்கோல். இன்னொரு கைக்குப் பக்கத்தில் சுடச்சுட ஆல்கஹால் குழாய். இலையை நறுக்கியதும் மூன்று நொடிக்குள் அதில் விழ வேண்டும். தன்னை வெட்டிவிட்டார்கள் என்று இலைக்குப் புரிவதற்குள் அது வெந்துவிட வேண்டும். புரிந்துவிட்டால் மொட்டை ஏறிவிடும்.

மொட்டை யாரென்று சொல்கிறேன். உயிருள்ள எதை எடுத்தாலும் அதன் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு. அந்தச் சவ்வில் வரிசை கட்டி நிற்கிற கொழுப்புகள் அநேகமாக ஒரே ஜாடை. இரண்டு வால், ஒரு தலை. அவற்றின் நடுவே பாஸ்பாடிடிக் அமிலம் என்று ஒன்று. அதற்கும் வால் இரண்டு உண்டு. தலையில்தான் ஒன்றும் கிடையாது, வெறும் பாஸ்பேட்டோடு நிற்கும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் மொட்டை. நூறு கொழுப்பில் ஒன்றிரண்டு மொட்டை இருந்தால் பெரிசு. ஒரு நொதி வந்து தொட்டால் சேமிப்புக் கொழுப்பாகிற வழியில் போய்விடும், வேறொரு நொதி தொட்டால் சவ்வுக்குத் தேவையான வேறு கொழுப்பாகிவிடும். எல்லாருக்கும் மூலம் அதுதான், ஆனால் அதற்கென்று நிரந்தரமாக ஓர் இடம் கிடையாது.

இலைக்கு அடிபட்டாலோ, தண்ணீர் வற்றினாலோ கதை மாறும். ஒரு நொதி ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கிற கொழுப்புகளின் தலையைச் சீவிவிடும். திடீரென்று மொட்டைக் கூட்டம் கூடும். தலை சிறுத்ததுகள் ஒரே இடத்தில் கூடினால் சவ்வே வளையும். ஆபத்து என்று செல்லுக்குள் சேதி பரவும். பரவியதும் கூட்டம் கலைந்துவிடும். எங்கே அவசரமென்றாலும் ஓட வேண்டியது, வேலை முடிந்ததும் இருந்த இடம் தெரியாமல் போக வேண்டியது. அந்த ஜந்துவின் மேல் எனக்கு ஒன்பது வருஷமாக ஒரு பிரியம் உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆராய்ச்சி சின்னப் பிள்ளைக்கும் புரியக்கூடியதுதான். கண்ணாடி வீட்டில் நாற்பது தொட்டிகள். இருபதுக்குத் தண்ணீர் உண்டு, இருபதுக்குக் கிடையாது. காய்ந்த செடிகளில் மொட்டை ஏற வேண்டும். தண்ணீர் குடித்தவை அமைதியாக இருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

அளக்கிற இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஜோசியர் என்று பெயர். திரையில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோட்டைப் பார்த்துப் பலன் சொல்வதால் வந்த பெயர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாருங்க. காஞ்சு கிடக்கறதெல்லாம் லேசா முனகுது, அவ்வளவுதான். தண்ணி குடிச்சதெல்லாம் அலறுது.”

“மெஷின்ல ஏதாவது கோளாறா?”

“என் மெஷினைச் சொல்லாதீங்க. மூணு தடவ ஓட்டிட்டேன்.”

இயக்குநரிடம் அவரேதான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போய்விட்டார். விவரமான ஆள்.

இயக்குநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர் என்போம். நல்ல படிப்பாளி. தனிக்கட்டை. மனிதர்களிடம் பேசும்போது எரிந்து விழாமல் ஒரு வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை. குட்மார்னிங் சொன்னால் “அதுக்கென்ன இப்போ?” என்பார். முதலில் என் கைதான் குற்றவாளி என்றார். ஸ்டாப்வாட்ச் பிடித்து என்னை வெட்டச் சொன்னார். இரண்டு நொடி வந்தது. கடிகாரம் சரியில்லை என்று வேறு கொண்டுவரச் சொன்னார். அதிலும் இரண்டு நொடிதான். “இப்போ வேகமா செய்றே, நான் இல்லாதப்போ மெதுவா செய்றே,” என்றார். அப்போது கிளம்பியதுதான் அந்த மெமோ.

ஆனாலும் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. அடுத்ததாகச் செடிகள் சத்தத்துக்குப் பயப்படுகின்றன என்று முடிவு கட்டினார். நடைபாதை முழுக்கக் கம்பளம் விரித்தார்கள். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் காலுறை போட்டார்கள். கண்ணாடி வீட்டு வாசலில் தும்மிய காவலரைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். அதுவரை எப்போதாவது கண்ணாடி வீட்டைத் தனியாகச் சுற்றிப் பார்க்கிற பெரியவர், இப்போது தினமும் காலை ஒன்பது பத்துக்குத் தனியாக உள்ளே போய்ச் செடிகளைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார். மொட்டை இன்னும் ஏறியது. சாயந்திரமும் போய்ச் சமாதானப்படுத்தினார். மொட்டை இரண்டு மடங்கு ஏறியது. கடைசியில் தண்ணீரே செடிக்கு ஒரு கொடுமைதான் என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? அளவுக்கு மீறி ஒரு பொருள் கட்டடத்துக்குள் காணப்பட்டால் அறிக்கை தர வேண்டும் என்று விதி. அதற்கென்று இருக்கிற படிவம் ஒன்றே ஒன்றுதான்: ‘அனுமதியின்றி உள்ளே காணப்பட்டவர் பற்றிய அறிக்கை’. நாத்தனார் அதை என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னாள்.

“மேடம், இது ஆளுக்கு உண்டான படிவம். இது அமிலம்.”

“வேற படிவம் இல்ல. காலியா விட்டா ஆடிட்ல கேப்பாங்க.”

நிரப்பினேன். பெயர்: பாஸ்பாடிடிக் அமிலம். நிரந்தர முகவரி: இல்லை. தொழில்: தற்காலிகம். அங்க அடையாளம்: மொட்டை. உள்ளே வந்த காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. யார் கூப்பிட்டது?

அன்றைக்கே லென்ஸை எடுத்துக்கொண்டு கண்ணாடி வீட்டுக்குள் போனேன். தண்ணீர் குடித்த இருபது செடியிலும் பளபளவென்று கொழுத்த ஒரு இலை. அந்த இலையில் நேருக்கு நேராக இரண்டு பிறைக் கோடுகள். பூச்சி கடித்ததில்லை. நகக்குறி. கனமான இலை கிடைத்தால் அதைத்தான் நான் வெட்டுவேன், அதிலேதான் சாறு அதிகம். காய்ந்த இருபதிலும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் ஒன்பது பத்துக்கு உரமூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பெரியவர் வந்தார். கதவைச் சாத்தினார். முகம் அப்படியே மாறிவிட்டது.

“என்னடா குட்டி, சாப்ட்டியா? அடடா, கன்னத்தைப் பாரு!”

சொல்லிவிட்டு அந்தக் கொழுத்த இலையை இரண்டு விரலால் ஒரு கிள்ளு. அடுத்த தொட்டி. “என் தங்கத்துக்கு என்ன கோவம்?” கிள்ளு. இருபது தொட்டிக்கும் இருபது கிள்ளு. காய்ந்த செடிகளின் முன்னால் நின்று “பாவம்டா நீங்க” என்று பெருமூச்சு விட்டாரே தவிரக் கை வைக்கவில்லை. அதுகளுக்குக் கன்னமே இல்லையே.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. மனுஷன் கிள்ளுவாராம், அதற்கு என் வேலை போகுமாம்.

ஜோசியரிடம் சொன்னேன். “நீங்க சொல்லல, நான் கேக்கல,” என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நாத்தனாரிடம் சொன்னேன். இயக்குநர் மேல் புகார் என்றால் அது இயக்குநர் வழியாகத்தான் வர வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சரி என்று, ‘யாரோ ஒருவர் இலைகளைக் கிள்ளுகிறார்’ என்று பெயர் போடாமல் பெரியவருக்கே எழுதிக் கொடுத்தேன். படித்தால் அவருக்கே உறைக்கும் என்று நம்பினேன்.

அவருக்கு உறைக்கவில்லை. கொதித்துப்போனார். “எந்தக் கொடுமைக்காரன் அது?” என்று நடைபாதையில் நின்று கத்தினார். கம்பளம் போட்டிருந்தும் கத்தல் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. மறுநாள் எல்லா ஊழியரும் வரிசையில் நிற்க வேண்டும், கையை நீட்ட வேண்டும், நகப் பரிசோதனை என்று உத்தரவு போட்டார். நின்றோம். பெரியவர் ஒவ்வொரு கையாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஜோசியர் நகத்தைக் கடித்தே தீர்த்திருந்தார். எனக்குக் கத்தரிக்கோல் வேலை, நகம் வளர்க்க வழியில்லை. பின்வாசல் காவலருக்கு மட்டும் சுண்டுவிரல் நகம் கொஞ்சம் நீளம். அவரை வீட்டுக்கு அனுப்பி வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். கட்டடத்தில் பார்க்கப்படாமல் இருந்தவை பத்தே பத்து நகங்கள். அவை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தன. நன்றாக வளர்ந்து, பிறை மாதிரி வளைந்து இருந்தன.

“சார்,” என்று ஆரம்பித்தேன்.

“என்ன?” என்று ஒரு பார்வை பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார்.”

அதற்காக என்னை நான் இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

அன்று சாயந்திரம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கச் சாலையைப் பார்த்தவர், வீட்டில் எனக்கும் தங்கைக்கும் நடுவே உட்கார்ந்தால் தட்டை மட்டும்தான் பார்ப்பார்.

“என்ன அண்ணி, முகம் வாடியிருக்கு?” என்றாள் நாத்தனார், ஒன்றும் தெரியாதவள் போல.

“மெமோ குடுத்தவங்களுக்குத் தெரியாதா?”

“அது ஆபீஸ் விஷயம். ஆபீஸ்ல பேசுங்க.”

“ஆபீஸ்ல பேசினா விதிப்புத்தகத்தைக் காட்றாங்க.”

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்லதானே போறீங்க? அதுல பேசலாமில்ல?”

“அது டூட்டி நேரத்துக்கு முன்னாடி, அண்ணா,” என்றாள் அவள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பாமல் தன் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: “ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அண்ணா. ஒரு பொருளை யாரும் தொடக் கூடாதுன்னா அதைக் கண்ணாடிப் பெட்டில வெச்சு சீல் வெக்கறதுக்கு ஒரு படிவம் இருக்கு. அதுக்கு டைரக்டர் கையெழுத்து வேணாம். நிர்வாக அலுவலர் கையெழுத்தே போதும். யாராவது கேட்டாதான் குடுப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“இதை ஏம்மா எங்கிட்ட சொல்றே? எனக்கென்ன தெரியும்?” என்றார் அவர்.

எனக்குத் தெரிந்தது. தட்டிலிருந்த அவ்வளவையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கேட்டேன். பத்தே காலுக்கு, தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. தண்ணீர் ஊற்ற மேலே ஒரு சின்னக் குழாய். நான்கு பக்கமும் அரக்கு முத்திரை. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு “பாதுகாப்புக்குத்தானே? நல்லது,” என்றார். குழு வருகிற வரைக்கும் ஐந்து நாளும் ஒன்பது பத்துக்கு அந்தப் பெட்டி முன்னால் நின்று கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனார்.

குழு வந்தது. மூன்று பேர். குழுத் தலைவி ஒல்லியான அம்மாள், கையில் கூரான பென்சில். மற்ற இருவரும் அவர் தலையாட்டினால் தலையாட்டுகிறவர்கள். பெரியவர் கண்ணாடி வீட்டில் நின்று தண்ணீரின் கொடுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். தலைவி தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“இல்லேன்னா, வெட்டுறவங்க கை மெதுவா இருக்கணும்,” என்று முடித்தார் பெரியவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“மேடம், என் கையை நீங்களே பாருங்க,” என்றேன் தலைவியிடம். “இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதும் தண்ணி குடிச்ச செடிதான். இதுல வெட்டிக் காட்டறேன்.”

நாத்தனார் நோட்டுப் புத்தகத்தோடு முன்னால் வந்து முத்திரையை உடைத்தாள். நான் ஒரு இலையை நறுக்கி ஆல்கஹாலில் போட்டேன். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது.

அடுத்து என்ன செய்வதென்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐந்து நாள் கண்ணாடிக்கு வெளியே நின்ற மனிதர், கண்ணாடி திறந்ததும் தாங்க முடியாமல் முன்னால் வந்தார். குழு இருப்பது அவருக்கு மறந்தே போயிற்று.

“அடி என் தங்கமே! அஞ்சு நாளா தனியா இருந்தியா?”

கிள்ளினார். அவருக்குத் தான் கிள்ளியதே தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பத்து நிமிஷம் போகவிட்டு, அதே இலையை வெட்டி, அதே இரண்டு நொடியில் இன்னொரு குழாயில் போட்டேன்.

சாறு எடுத்து, கொழுப்பைப் பிரித்து, இயந்திரத்தில் ஏற்ற மாலை நாலு மணி ஆகிவிட்டது. ஜோசியர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முதல் இலையின் கோடு கட்டாந்தரை மாதிரி கிடந்தது. இரண்டாவது இலையில் மொட்டை மலையாக எழுந்து நின்றது.

“ஒரே செடி, ஒரே கை, ஒரே ஆல்கஹால். நடுவுல என்ன நடந்தது?” என்று கேட்டார் தலைவி.

ஜோசியர் கூரையைப் பார்த்தார். நான் பெரியவரின் விரல்களைப் பார்த்தேன். நாத்தனார் மட்டும் எழுந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் வாசித்தாள்.

“பதினொன்று இருபது: முத்திரை உடைக்கப்பட்டது. பதினொன்று இருபத்தொன்று: முதல் இலை வெட்டப்பட்டது. பதினொன்று இருபத்திரண்டு: இயக்குநர் அவர்கள் ‘அடி என் தங்கமே, அஞ்சு நாளா தனியா இருந்தியா’ என்று கூறி, இடமிருந்து மூன்றாவது இலையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளினார். பதினொன்று முப்பத்திரண்டு: அதே இலை வெட்டப்பட்டது.”

பெரியவர் தன் இரண்டு விரலையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய விரலோ தன் கையில் ஒட்டியிருப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

“நான் அன்பாத்தானே கிள்ளினேன்?” என்றார் கடைசியில். அந்தக் குரலில் எரிச்சலே இல்லை.

“அது இலைக்குத் தெரியாது சார்,” என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனாலும் உண்மை அதுதான்.

குழு ஒரு வாரம் கழித்து அறிக்கை அனுப்பியது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் இனிமேல் அதிகாரம் பெற்ற ஒருவரைத் தவிர வேறு யாரும், எந்தப் பதவியில் இருந்தாலும், செடிகளைத் தொடக் கூடாது. அதிகாரம் என்றால் பதவி வேண்டும், பதவி என்றால் அது நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நாத்தனார் விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்தாள். தற்காலிக ஊழியருக்கு அதிகாரம் வழங்க அதில் படிவமே கிடையாதாம். காலை பதினொரு மணிக்கு என் மேஜைக்கு ஒரு தாள் வந்தது. பதவியின் பெயர்: இலை தொடும் அலுவலர். நியமனம்: நிரந்தரம்.

“கையெழுத்து போட்டு வாங்கிக்குங்க,” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தாள் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

“நனைக்காதீங்க மேடம், இதுதான் ஒரிஜினல்,” என்றாள். அவள் என்னை மேடம் என்றது அதுதான் முதல் தடவை. உதட்டோரம் துடித்ததை அவள் மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் ஒன்பது பத்துக்குப் பெரியவர் கண்ணாடி வீட்டுக்குள் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்து நின்றார். ஒன்பது வருஷத்தில் அவர் அங்கே வந்ததில்லை. மேஜை மேல் இருந்த கத்தரிக்கோலையும் குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சாப்ட்டியாம்மா?” என்று கேட்டார்.

அந்த நொடியில் என்னைக் கத்தரித்து ஆல்கஹாலில் போட்டிருந்தால், ஜோசியரின் தாளில் மலைக்கு இடம் பற்றாமல் போயிருக்கும்.

“ஆச்சு சார்,” என்றேன்.

பின்னாலிருந்து கையை எடுத்து ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். செடியைத் தொட அனுமதி கோரும் விண்ணப்பம். எத்தனை செடி என்ற இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். காலியாக விட்டால் ஆடிட்டில் கேட்பார்கள். நான் என் பேனாவை எடுத்து அங்கே ‘பழக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜன்னல் ஓரத்தில் எந்த ஆராய்ச்சியிலும் சேராத தொட்டி ஒன்று சும்மா நின்றது. அதைத் தூக்கி அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

அவர் குனிந்தார். விரலைக் கொண்டுபோனார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இத்தனை காலத்தில் இல்லாத அளவு மெதுவாக ஒரு கிள்ளு கிள்ளினார். அந்த இலையில் மொட்டை எவ்வளவு ஏறியது என்று யாரும் அளக்கவில்லை.